தராசு பிடிக்காத மீன்காரி

இனயம் கடற்கரையைச் சேர்ந்த வியாகுலம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. கன்னியர் மடத்தின் சமையற்கட்டு வாசலில் மீன் நிறைந்த சருவப் பாத்திரத்தை இறக்கத் தொடங்கி முப்பத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. அந்த மடத்துப் பள்ளியில் படித்த அவருடைய மகள் ஜின்சி இப்போது அங்கேயே பாட்டு ஆசிரியை. மடத்தின் நூற்றாண்டு விழாவுக்கு முன்வரிசையில் வந்து அமருமாறு தலைமைச் சகோதரியே நேரில் அழைத்திருந்தார். வியாகுலம்மாள் புதுச்சேலை எடுத்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில்தான் நாடகத்தின் விவரம் அவர் காதுக்கு எட்டியது. மடத்து வாழ்வைப் பற்றிய பழைய பாட்டு நாடகம் அது, முழுக்க நகைச்சுவை. அதில் சகோதரிகள் அனைவரும் பாடப்புத்தகத் தமிழ் பேசுவார்கள். கடற்கரைத் தமிழ் பேசுபவள் ஒருத்தி மட்டுமே: கள்ளத் தராசும் அழுகிய மீனுமாக வந்து, பிடிபட்டு, பாடிக்கொண்டே ஓடும் மீன்காரி. அந்த வேடம் ஜின்சிக்கு.

"ஏட்டி, எனக்க தொழில வச்சு ஊரச் சிரிக்க வைக்கப் போறியா?"

"நான் மாட்டேன்னா வேற ஆளு இதவிட மோசமாட்டு ஆடுவாம்மா. அதுக்குத்தான் ஏத்தேன்."

"அப்ப நான் வரல்ல. முன்னால உக்காந்து கேட்டுக்கிட்டிருக்க எனக்கு ஏலாது."

அம்மா வராத மேடையில் ஜின்சிக்கும் பாட்டு எழாது என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் மடத்துக்கு மீன் கொடுத்துவிட்டு, வெறும் சருவத்தோடு வியாகுலம்மாள் ஒத்திகை நடந்த மண்டபத்துக்குள் நுழைந்தார். நாடகத்தை இயக்கிய ஞானதாசன் ஆசிரியர், தகரத் தராசு ஒன்றை ஜின்சியின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சாரே, ஒரு காரியம். முப்பத்தொரு வருசத்துல எனக்க கையில தராசு கண்டியளா?"

ஆசிரியர் தராசைப் பார்த்தார். கரையில் பெண்கள் மீனை நிறுத்து விற்பதில்லை. சாக்கை விரித்துக் கூறு கூறாக வைப்பார்கள். பிடித்த கூற்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அவரே வாரந்தோறும் அப்படித்தான் வாங்குகிறார்.

"தராசே இல்லாம எப்பிடி சாரே கள்ளம் காட்டுவா? கூத்து வேணும்னா அடுக்களையில வந்து பாருங்க. ஒரு கூறு வாங்கிட்டு, பக்கத்துக் கூறுல ஒரு அயிலை மீன யாரு நைசா இழுக்காவன்னு தெரியும்."

மூலையில் நின்ற சமையற்கட்டுச் சகோதரி பெனடிக்டாவின் முகம் சிவந்தது. முதலில் சிரித்தவரும் அவர்தான். "அம்மாடி, இவ்வளவு காலமும் பாத்துட்டா இருந்தீங்க?"

"பாக்காம? நீங்க எடுப்பியன்னு தெரிஞ்சுதானே பக்கத்துல ஒண்ணு கூட வப்பேன்!"

ஞானதாசன் தராசை மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

விழா மாலையில் வியாகுலம்மாள் புதுச்சேலையோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தார். நாடகத்தை மாற்றிவிட்டதாக ஜின்சி சொல்லியிருந்தாள்; மேடையில் அது எப்படி வருமோ, யார் கண்டது? ஜின்சி சருவத்தோடு மேடையேறினாள். சாக்கை விரித்தாள், நான்கு கூறு வைத்தாள், வீட்டில் பேசும் அதே தமிழில் பாடினாள். சபையில் யாரும் சிரிக்கவில்லை. சிலர் தாளம் போட்டார்கள். பின்னர் சகோதரி வேடமிட்ட ஒருத்தி வானத்தைப் பார்த்துச் செபம் சொல்லிக்கொண்டே, அடுத்த கூற்றிலிருந்து ஓர் அயிலையை இழுத்தாள். மண்டபம் அதிர்ந்தது. தலைமைச் சகோதரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியாகுலம்மாளும் வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலையில் சமையற்கட்டு வாசலில் வழக்கம்போல் கூறுகள் இருந்தன. சகோதரி பெனடிக்டா ஒரு கூற்றை மட்டும் அள்ளிக்கொண்டு, பக்கத்துக் கூற்றைத் தொடாமல் கையை ஒழுங்காக இழுத்துக்கொண்டார்.

"எடுங்க சிஸ்டர்," என்றார் வியாகுலம்மாள். "அது ஒங்களுக்க மீனுதான். நேத்தோட வழக்கம் மாறிப் போச்சா?"