பாதியில் நின்ற அடி

பிச்சுமணி சென்னைக்குப் படிக்கப் போய், படிப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓர் எலெக்ட்ரிக் கிதாரோடு தென்காசிக்குத் திரும்பியவன். சினிமாப் பாட்டே வாசிக்க மாட்டோம், எல்லாம் சொந்தப் பாட்டுத்தான் என்று அவன் ஆரம்பித்த குழுவுக்குப் பெயர் பொங்குமாங்கடல். குற்றாலத்தில் ஒரு கொட்டகையில் பழகினார்கள். சீசன் இருக்கும்வரை அருவி இரைச்சல் அவர்களைக் காப்பாற்றியது. தண்ணீர் வற்றியதும் அக்கம்பக்கத்தார் வந்து ஆளுக்கு நாலு அறை விட்டுப் போனார்கள். அதில் அதிகம் வாங்கியவன் டிரம் அடித்த சுடலைக்கண்ணு. ஓடத் தெரியாத பயல்.

அவனுக்கு ஊர் இலத்தூர். குலசாமி கோயிலில் அவன் மேளம் அடித்தால்தான் அண்ணன் நெல்லையப்பனுக்குச் சாமி வரும். சாமியை அழைக்க ஓர் அடி உண்டு. அதைத் தொட்டுவிட்டால் சாமி மலையேறும்வரை கை நிற்கக் கூடாது. பாதியில் விட்டால் வந்த சாமி திரும்பிப் போக வழியில்லாமல் ஆளைத் தின்றுவிடும் என்பார்கள்.

எழுபத்தொன்பதில் ராயகிரிப் பக்கம் ஒரு கோயில் கொடைவிழாவில் மதியக் கச்சேரி. சினிமாப் பாட்டுப் பாடச் சொல்லிக் கூட்டம் கல்லெறிந்தது. பிச்சுமணியின் உதடு கிழிந்தது.

“ஏலே சுடலை, என்னத்தையாவது அடிலே!”

சுடலைக்கண்ணுக்கு வந்த கோபத்தில் கை அந்த அடியில் போய் விழுந்தது. கல் நின்றது. அந்த ஊர்ச் சாமியாடி அரிவாளோடு மேடையேறி ஆடினார். சுடலைக்கண்ணு நெற்றி ரத்தம் கண்ணில் வழிய, பூசாரி திருநீறு போட்டுச் சாமி மலையேறும்வரை அடித்தான். கல்லெறிந்த கூட்டமே அவர்களைத் தோளில் தூக்கியது. அப்புறம் என்ன, எந்தக் கொடைக்குப் போனாலும் கடைசியில் அந்த அடிதான். அடிதடியும் மண்டையுடைப்பும் இல்லாமல் ஒரு மேடையும் முடியவில்லை. பிச்சுமணிக்கு அது பெருமையாகவே இருந்தது.

எண்பத்தொன்றில் குற்றாலத்தில் சீசன் மேடை. மேடையருகே சாமியாடும் கோயிலும் இல்லை, திருநீறு போடப் பூசாரியும் இல்லை. கூட்டத்தில் முன்வரிசையில், தம்பி வாசிப்பைப் பார்க்க வந்த நெல்லையப்பன்.

“அண்ணாச்சி, எங்கண்ணன் நிக்கான். இன்னைக்கு அந்த அடி வேண்டாம்.”

“மெட்ராஸ்ல இருந்து கேசட் கம்பெனிக்காரன் வந்திருக்காம்லே. இதைப் பதியத்தான் வந்திருக்கான். அடி!”

ஆசை யாரை விட்டது? சுடலைக்கண்ணு அடித்தான். நெல்லையப்பன் இளநீர்க்காரன் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு மேடைக்குத் தாவினான். கூட்டம் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு சிதறியது. ஒருவன் தோளில் வெட்டு விழுந்தது. “நிறுத்துடா!” என்று ஒரு போலீஸ்காரர் ஓடி வந்தார்.

“நிறுத்தக் கூடாதுய்யா, அண்ணன் செத்துருவான்!” என்று கத்திக்கொண்டே அடித்தான் சுடலைக்கண்ணு. அவன் வலது கை விரல்களின்மேல் லத்தி இரண்டு தரம் இறங்கியது. எலும்பு முறிந்தது அவனுக்கே கேட்டது. அடி நின்றது.

நெல்லையப்பன் ஒரு கணம் திகைத்தான். பிறகு அரிவாளால் தன் தலையிலேயே வெட்டிக்கொண்டான்.

உயிர் பிழைத்தான், ஆனால் சாமி மலையேறவில்லை. பெண்டாட்டி முத்துவடிவைத் தெரியவில்லை, தம்பியைத் தெரியவில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் கிடந்தான். கிட்டே வந்தவரை அடித்தான். எத்தனையோ மேளக்காரர்கள் வந்து அடித்துப் பார்த்தார்கள். விட்ட கைதான் முடிக்க வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார்கள். அந்தக் கையோ கோணிக்கொண்டு குச்சிகூடப் பிடிக்காது. பிச்சுமணி வேறொருவனை டிரம்முக்கு வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனான், பெயரும் வாங்கினான். மனுஷன் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்திருப்பானா? இல்லை.

எண்பத்துநாலில் ஒரு காலை. சுடலைக்கண்ணு அண்ணனுக்கு இட்லிப் பொட்டலத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். துல்கர்னைன் பாய் டீக்கடையில் புதுக் கேசட் ஒன்று பாடிக்கொண்டிருந்தது. பொங்குமாங்கடல். திடீரென்று அந்த அடி. குற்றாலத்தில் பதிந்த அதே அடி. சுவரோரம் கிடந்த நெல்லையப்பன் எழுந்தான். லத்தி விழுந்த இடத்தில் அடி அறுந்தது; அதன்மேல் பிச்சுமணியின் கிதார் அலறியது.

நெல்லையப்பன் சோடா பாட்டிலை உடைத்துக்கொண்டு பாயின்மேல் பாய்ந்தான்.

சுடலைக்கண்ணு யோசிக்கவில்லை. காலி பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு, விட்ட இடத்திலிருந்து வெறுங்கையால் அடித்தான். நெல்லையப்பன் பாயை விட்டுத் திரும்பினான். பாட்டில் சுடலைக்கண்ணின் முதுகில் இறங்கியது. அடி நிற்கவில்லை. தகர விளிம்பு கோணல் விரல்களைக் கிழித்தது. வலியில் அவன் அழுதான், அழுதுகொண்டே அடித்தான். பாட்டில் கீழே விழுந்தது. அண்ணன் கால்கள் அடிக்கு ஏற்ப ஆடின, மெல்ல வேகம் குறைந்தது, நெல்லையப்பன் ஒரு பெருமூச்சு விட்டுத் தரையில் சரிந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான். தம்பியை ஏற இறங்கப் பார்த்தான்.

“ஏலே சுடலை, கையெல்லாம் ரத்தம்லா. எவம்லே ஒன்னைய அடிச்சான்?”

சுடலைக்கண்ணு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“ஒண்ணுமில்லண்ணே. வா, முத்துவடிவு மைனி தேடுதா.”