ஆணியடிக்கும் ஸ்கோப்

எங்கள் ஊரில் ஒரு பொருளைப் புகழ வேண்டுமென்றால் "இதை வச்சு ஆணி அடிக்கலாம்" என்பார்கள். மட்டம் தட்ட வேண்டுமென்றால் "இதை வச்சு ஆணிதான் அடிக்கலாம்" என்பார்கள். நடுவில் ஒரு 'தான்'. அந்தத் 'தான்' ஒரு நவம்பர் மாதம் கப்பா அக்காவின் காதில் விழுந்தது.

அவளுடைய முழுப்பெயர் கபித்தோலினா அர்சேன்தியெவ்னா. கோபம் வந்தால் மட்டும் மேஸ்திரி அப்படி அழைப்பார். மற்ற எல்லோருக்கும் கப்பா அக்காதான். எங்கள் குடியிருப்பில் எனக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறாள். தொழிற்சாலையிலும் அவள் மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. நான் கண்ணாடி துடைப்பவன், பேச்சு குறைவு. என் பங்குக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவாள்.

அகலத் தோள், ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை, புகையிலையால் மஞ்சளான இரண்டு விரல்கள். மருத்துவர் முட்டிக்கு ஓய்வு கொடுக்கச் சொன்ன அன்று லிஃப்டைத் தவிர்த்து நான்கு மாடியும் படியேறி வந்தாள். "என் முட்டி, என் படி. அந்தாளுக்கு என்ன?" என்றாள். கணவர் ஓப் ஆற்றில் படகு ஓட்டியவர். மகள் லீதா பிறந்த மறு வருடம் தெற்கே போனவர் திரும்பவில்லை. யாராவது கேட்டால், "அவனா? இளகின கிரீஸ். வெயில் இருக்கிற பக்கமா ஒழுகிட்டான்" என்பாள். அதற்கு மேல் அவரைப் பற்றி ஒரு சொல் வராது.

எங்கள் கூடத்தில் ராணுவத் துப்பாக்கிகளுக்கான ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, பூட்டுகிறோம். அதையே வேறு பெட்டியில் போட்டு வேட்டைக்காரர்களுக்கும் விற்கிறார்கள். கறுத்த உடம்பு, கண் வைக்கும் இடத்தில் மாட்டுக் காது போல ஒரு ரப்பர். உள்ளே பார்த்தால் உலகம் கொஞ்சம் மஞ்சளாக, பழைய புகைப்படம் மாதிரி தெரியும். அழகு கிடையாது. பனியில் விழலாம், வண்டிச் சக்கரத்தில் உருளலாம், கழற்றி மாட்டினாலும் குறி அதே இடத்தில் நிற்கும் என்பதுதான் அது எடுத்த பெயர்.

அந்தப் பெயருக்குக் காவல் கப்பா அக்கா. பூட்டி முடித்த ஸ்கோப்பை இடிக்கும் மேடையில் வைத்து இடிப்பாள். வெதுவெதுப்பான தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பாள். குளிர்ப்பெட்டியில் போட்டு உறைய வைப்பாள். எல்லாம் சரி என்றால் தன் சொந்த முத்திரையைக் குத்துவாள். கடுகளவு முக்கோணம், உள்ளே ஓர் எண். கூடத்தில் அப்படி முத்திரை வைத்திருப்பது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் செய்ததை இன்னொருவர் சோதிக்க வேண்டும். அவள் குத்தியதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

லீதாவின் கணவன் ரோதியோன் வேட்டைக்காரன். அந்த வருடம் அவன் குழுவுக்கு ஒரு காட்டுமான் சுட அனுமதி கிடைத்திருந்தது. கடமா மான்தான், குதிரையை விடப் பெரியது. அது விழுந்தால் மூன்று குடும்பத்துக்குப் பனிக்காலம் முழுக்க இறைச்சி. தப்பினால் உருளைக்கிழங்கு. அதனால் அவன் புதிதாக ஒரு வெளிநாட்டு ஸ்கோப் வாங்கி மாட்டியிருந்தான். மாமியார் அந்த வருடம் முத்திரை குத்திய ஸ்கோப்பைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் போட்டிருந்தான்.

லீதாவின் பிறந்தநாள். ஜன்னல் முழுக்க ஆவி, தட்டு முழுக்க இறைச்சி அடைத்த பெல்மேனிக் கொழுக்கட்டை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கப்பா அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"அது ஏன்யா அங்க கிடக்கு?"

"ரெஸ்ட் எடுக்குது அத்தை."

"உன் துப்பாக்கியில என்ன இருக்கு?"

ரோதியோன் எழுந்துபோய்ப் புதியதைக் கொண்டுவந்து காட்டினான். அவள் கண் வைத்துத் தெரு விளக்கைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணாடி நல்ல கண்ணாடி. நம்மளோடதை விட நல்லா இருக்கு," என்றாள்.

அதோடு நின்றிருந்தால் அன்று கேக் வெட்டியிருப்போம். இரண்டாவது கோப்பை இறங்கிய தைரியத்தில் ரோதியோன் சிரித்தான்.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. உங்க ஆலைச் சரக்கை வச்சு ஆணிதான் அடிக்கலாம்."

லீதா மேசைக்கு அடியில் அவன் காலை உதைத்தது எனக்குக் கேட்டது. கப்பா அக்கா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"லீதா, அந்தக் கடிகாரம் எத்தனை மாசமா அலமாரி மேல படுத்திருக்கு?"

"அம்மா, விடும்மா."

"ஆணி எங்க?"

ஆணி கிடைத்தது. அவள் ஜன்னல் விளிம்பில் கிடந்த ஸ்கோப்பை எடுத்து, கண்ணாடிப் பக்கத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, உலோக வயிற்றால் ஓங்கி அடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் பதிலுக்குச் சுவரைத் தட்டினார். "இருய்யா, உனக்கும் ஒண்ணு அடிக்கிறேன்!" என்று கத்தினாள். ஆணி இறங்கியது. கடிகாரத்தை மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை கல்குழிக்கு இதை மாட்டிட்டு வா மாப்ளே. குறி தப்பிச்சுன்னா, என் முத்திரையைத் திங்கக்கிழமை திருப்பிக் குடுத்துடறேன். இனிமே ஒரு டப்பாவிலயும் என் அடையாளம் இருக்காது. எல்லாரும் கேட்டுக்கங்க."

"அத்தை, நான் சும்மா விளையாட்டுக்கு..."

"நான் விளையாடல."

ஞாயிற்றுக்கிழமை மைனஸ் நாற்பது. துப்பிய எச்சில் தரையைத் தொடும்போது சத்தம் கேட்கிற குளிர். கைவிட்ட கல்குழியின் அடிச்சுவரில் மரப்பலகை நட்டிருந்தார்கள். துப்பாக்கியை இரவெல்லாம் ரோதியோன் பால்கனியில், உறைந்த கொழுக்கட்டைப் பைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். காட்டில் எப்படி இருக்குமோ அப்படி.

நூறு மீட்டரில் மூன்று குண்டு. மூன்றும் ஒரு டம்ளர் வாய்க்குள் அடங்கும்படி நடுவில் விழுந்தன. ஆணியடித்த ஸ்கோப் அசையவே இல்லை.

"என்னய்யா சொன்னே? ஆணிதானா?" கப்பா அக்கா பனியில் குதித்தாள். முட்டியை மறந்துவிட்டாள்.

ரோதியோன் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினான். "ஒத்துக்கறேன் அத்தை. வாங்க, டீ குடிப்போம்."

"எங்க ஓடற? தூரத்துப் பலகையையும் அடி."

முந்நூறு மீட்டருக்கு ஸ்கோப்பின் மேலுள்ள சக்கரத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினான். ஒவ்வோர் எண்ணுக்கும் சுத்தமாக டிக் டிக் என்றது. சுட்டான். பலகைக்கு வெகு கீழே பனி புகைந்தது. மறுபடியும் சுட்டான். அதே இடம். சக்கரத்தைத் திருப்பவே இல்லை என்பது போல.

கப்பா அக்கா வந்து துப்பாக்கியை வாங்கி, ஸ்கோப்பின் பக்கவாட்டில் கையுறைக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இப்ப சுடு."

குண்டு பலகையில் விழுந்தது.

எனக்கே புரிந்தது. சக்கரம் வெளியே சுற்றுகிறது. உள்ளே குறிக்கோட்டைத் தள்ள வேண்டிய சுருள்கம்பி, கல்லான கிரீஸில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. தட்டினால்தான் நகரும். அந்தக் கோடையில் தொழிற்சாலைக்கு வேறு கிரீஸ் வந்திருந்தது.

"ஆணிக்குத் தாங்கிச்சுல்ல? நீங்க ஜெயிச்சுட்டீங்க அத்தை," என்றான் ரோதியோன். அவன் குரலில் 'தான்' இல்லை.

"சமாதானம் சொல்லாதே. தோத்துட்டேன்." அவள் புகைக்க முயன்றாள். நெருப்புக் குச்சி உடைந்தது. "குளிர்ப்பெட்டியில இருந்து எடுத்ததும் என்ன செய்வோம்? வேர்த்திருக்கும், காயட்டும்னு வச்சிட்டு டீ குடிக்கப் போவோம். காயறதுக்குள்ள கிரீஸ் இளகிடும். அப்புறம் வந்து சக்கரத்தைத் திருப்பி, ஆகா ஓகோன்னு முத்திரை குத்துவோம். இடிச்சு இடிச்சுப் பார்த்தோமே, ஒருநாள்கூட உறைஞ்சபடியே திருப்பிப் பார்த்தோமா? மான் என்ன சுவரா, ஆணி அடிக்கறதுக்கு?"

திங்கட்கிழமை காலை, வாயிலில் காவலாளி அவள் மேலங்கி புடைத்திருப்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"என்ன கப்பா இது?"

"ஸ்கோப்."

"எங்கேருந்து திருடினே?"

"வீட்டுலேருந்து கொண்டுவர்றேன். உள்ள."

காவலாளிக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த வாயிலில் பொருள்கள் வெளியே போய்த்தான் அவர் பார்த்திருக்கிறார், உள்ளே வந்து பார்த்ததில்லை. "உள்ள கொண்டுவர்றதுக்குச் சட்டம் ஒண்ணும் இல்லையே," என்று முணுமுணுத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அவள் தன் மேசையில், எல்லோர் கண்ணெதிரிலும், மாப்பிள்ளையின் ஸ்கோப்பைப் பிரித்தாள். புதிய கிரீஸைப் பெட்ரோலில் கழுவினாள். மேசை டிராயரின் மூலையிலிருந்து வெள்ளரி ஊறுகாய் ஜாடி ஒன்றை எடுத்தாள். அதில் பழைய கிரீஸின் மிச்சம் இருந்தது. தடவிப் பூட்டினாள். உள்ளே ஆவி படியாமலிருக்க உலர்ந்த வாயு நிரப்ப என்னைப் பார்த்தாள். குழாயை நான் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் மேஸ்திரி புரோகோர் நிகீதிச் வந்தார். மாதக் கடைசி. அந்த வாரம் எங்கள் கூடத்தில் யாரும் நடப்பதில்லை, ஓடுவார்கள். முத்திரைக்குக் காத்திருந்த ஸ்கோப்புகள் சுவர் ஓரம் அடுக்கடுக்காக நின்றன.

"அக்கா, சொந்த வேலை அப்புறம். இதுக்கெல்லாம் இன்னைக்கு முத்திரை வேணும்."

"குத்த மாட்டேன்."

"ஏன்?"

"குளிர்ல சக்கரம் பொய் சொல்லுது. கிரீஸை மாத்து."

"இந்த கிரீஸ் மைனஸ் அம்பதுக்குத் தாங்கும்னு காகிதத்துல இருக்கு."

"அப்ப காகிதத்தை எல்லை மலைக்கு அனுப்பு, சிப்பாய்க்குப் பதிலா காவலுக்கு நிக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். மேஸ்திரியின் கழுத்து சிவந்தது. கெட்ட மனிதர் அல்ல. மேலேயிருந்து அவரை அழுத்தினார்கள், அவர் கீழே அழுத்தினார்.

"கபித்தோலினா அர்சேன்தியெவ்னா! குறி தப்பினா முத்திரையைத் திருப்பிக் குடுத்துடறேன்னு பந்தயம் கட்டினீங்களாமே. ஊரே பேசுது. தப்பிச்சுல்ல? குடுங்க. குத்தறதுக்கு வேற ஆள் இருக்கு."

கூடம் நின்றது. சத்தியம் செய்தது உண்மை. எல்லோருக்கும் தெரியும். அவள் கழுத்துக் கயிற்றில் கோத்திருந்த முத்திரையை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"குடுக்கணும்தான். வாக்கு வாக்குதான். ஆனா இதை உன்கிட்ட குடுத்தா, நேரா அந்த டப்பாவுல குத்துவே. என் பேரு பொய் சொல்லும். அதுக்கு நான் வாக்கு தவறினவள்னு பேர் வாங்கறது மேல்." முத்திரையைச் சட்டைக்குள், நெஞ்சுக்கு நடுவே போட்டாள். "வேணும்னா வந்து எடுத்துக்கோ புரோகோர்."

புரோகோர் நிகீதிச் எடுக்கப் போகவில்லை. அவருடைய மனைவி எதிர் மேசையில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதக் கணக்கு முடியவில்லை. அடுக்குகள் மேல் தார்ப்பாய் போர்த்தினார்கள். கூடம் முழுவதற்கும் மாத ஊக்கப் பணம் போயிற்று. உணவுக்கூடத்தில் கப்பா அக்கா உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகின. "உன் மாப்ள மானுக்காக எங்க குழந்தைங்க பூட்ஸ் போச்சு," என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள்.

"ஆமா போச்சு. என் பூட்ஸைப் பாரு, அதுவும் ஓட்டைதான்," என்று காலைத் தூக்கிக் காட்டிவிட்டு, காலி நாற்காலி மேல் ரொட்டியை வைத்துக்கொண்டு முட்டைக்கோஸ் சூப்பைச் சத்தமாக உறிஞ்சிக் குடித்தாள். ஒரு நாள்கூட உணவுக்கூடத்துக்கு வராமல் இருக்கவில்லை. குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்திலேயே தன் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். உறைந்த ஸ்கோப்பை உறைந்தபடியே திருப்பினாள். விரல் நுனித் தோல் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தவறிய ஒவ்வொன்றையும் "இந்தா, ஆணியடிக்க இன்னொரு சுத்தி" என்று மேஸ்திரியின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். அவர் கணக்கு எழுத இடமில்லாமல் முழங்கால் மேல் வைத்து எழுதினார்.

ஜனவரியில் ஒரு காலை, பழைய வகை கிரீஸ் டின்கள் வந்து இறங்கியிருந்தன. யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. புரோகோர் நிகீதிச் ஒரு டின்னை அவள் மேசையில் வைத்துவிட்டு, "மூடி இறுக்கமா இருக்கு அக்கா," என்று மட்டும் சொல்லிப் போனார்.

அந்த டின்கள் வருவதற்கு முன்பே ரோதியோன் காட்டுக்குப் போயிருந்தான். கிளம்பும்போது அவள் சரிசெய்து கொடுத்த பழையது, வெளிநாட்டுப் புதியது, இரண்டு ஸ்கோப்பும் பையில் இருந்தன. எதை மாட்டப் போகிறான் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் திரும்பிய அன்று அவள் வீட்டுக்குச் சமையல் வாயு உருளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் மாப்பிள்ளை நீட்டினான். துணியில் சுற்றிய மானின் இதயம், இரண்டு கை கொள்ளாத அளவு.

கப்பா அக்கா வாங்கி மேசையில் வைத்தாள். கத்தி தேடினாள். வெங்காயம் தேடினாள். கேள்வி மட்டும் வரவில்லை. ரோதியோன் பூட்ஸைக் கழற்றியபடி சொன்னான்.

"காட்டுக் குடிசைக் கதவு கழண்டு தொங்குச்சு அத்தை. ஆணி இருந்துச்சு, சுத்தி இல்ல."

"அப்புறம்?"

"ஸ்கோப்பாலதான் அடிச்சேன்."

அவள் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எதால?"

"புதுசால," என்றான் மாப்பிள்ளை. "பழசு துப்பாக்கி மேல இருந்துச்சுல்ல."