மலைப் பக்கத்தில் விட்ட இடம்

செங்கம் சாலை டீக்கடையில்தான் அந்தச் சீனப் பெரியவரை விடியற்காலைகளில் பார்ப்பேன். மெலிந்த உடம்பு, வெளுத்த வேட்டி, வெறுங்கால். தினமும் கிரிவலம் வருவார். மலையை ஒட்டிய வலது ஓரமாகவே விறுவிறுவென்று நடப்பார்.

தூறல் விழுந்த ஒரு காலையில், இருவரின் அரைகுறை ஆங்கிலத்தில் பேச்சு நீண்டது. பழங்காலச் சீனப் பேரரசர் ஒருவரின் சமாதிக்குப் பக்கத்து ஊர்க்காரராம். பார்வைக்கு அதுவும் ஒரு குன்றுதானாம். காவலுக்கு மண்ணால் செய்த படைவீரர்கள், உள்ளே பாதரசம் ஓடும் ஆறுகள் என்பார்களாம். இன்றுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை.

"அரசரைப் பார்க்க உலகமே வருகிறது. எங்கள் ஊரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். திரும்பிப் போனபோது, மாதுளைத் தோட்டத்தில் அம்மாவைப் புதைத்த இடம் எனக்கே தெரியவில்லை" என்றார்.

டீக்கடை அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் பாலை இறக்கி வைத்தார்.

"இனிமே ரோட்டுக்கு இடது பக்கமா போவச் சொல்லுங்க. மலைப் பக்கம் கண்ணுக்குத் தெரியாதவங்க நடப்பாங்கனு நாங்க அந்த இடத்த விட்டுடுவோம்."

பெரியவர் யோசித்துவிட்டு, "யார் நடப்பார்கள்?" என்று கேட்டார்.

"சித்தருங்கதான்" என்று ஆரம்பித்த அக்கா, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "யாரு வேணா வரலாம்னு சொல்லுங்க."

மறுநாள் மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. பெரியவர் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். பழைய வேகம் இல்லை. வயதான ஒருத்தியின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டவர்போல, வலப்பக்கம் திரும்பிப் பார்த்து, நின்று நின்று போனார்.

நான் கூப்பிடவில்லை.