வடக்குச் சுவரின் ஈரம்

எங்கள் நூலகத்தில் பழுதான ஓலைச்சுவடிகளையும் பழைய புத்தகங்களையும் சரிசெய்வது என் வேலை. அந்த வேலை நடக்கும் அறையைப் புதுப்பித்தபோது, எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் கட்டி மாடிக்கு ஏற்றினோம். மாடியில் திருநெல்வேலி வெயில் அப்படியே இறங்கும். ஓலை காய்ந்தால் ஒடிந்துவிடும். அதனால் சீக்கிரம் முடியுங்கள் என்று கொத்தனாரைத் தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

வடக்குச் சுவரை ஒட்டிச் சுவடி அலமாரிகள் வருவதாகத் திட்டம். பழைய பூச்சைக் கொத்தி எடுத்தாயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு புதுப்பூச்சு. வள்ளியூரிலிருந்து பஸ்ஸில் வரும் சித்தாள், ஏறக்குறைய என் வயதுக்காரர், கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“யக்கா, அந்தச் சுவரு உள்ளுக்குள்ள நனஞ்சி கெடக்கு. மழ பெஞ்சு ரெண்டு மாசமாச்சு, செங்கல்லு இன்னும் காயல பாருங்க.”

கொத்தனார் திரும்பினார். “பழைய கட்டடம்னா அப்படித்தான் இருக்கும். சிமெண்டு பூசுனா அடங்கிரும். நீ ஒஞ்சோலியப் பாரு தாயி.”

எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. ஈரம் பட்டால் சுவடியில் பூஞ்சணம் பிடிக்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பவள் நான். இருந்தும், “பூசிருங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். இந்தச் சுவடிகள்தானே அந்தச் சுவரோரம் இருக்கப்போகின்றன என்று தோன்றியதும் டப்பாவை மூடினேன். கீழே வந்து, “பூச வேண்டாம், ஒடச்சுப் பாருங்க” என்றேன். கொத்தனார் உளியை எடுத்தார்.

சுவருக்குள் ஒரு பழைய குழாய் இருந்தது; எங்கள் யாருக்கும் தெரியாது. மாடித் தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் அதில்தான் இறங்கியிருக்கிறது. குழாய் இடுப்புயரத்தில் விரிசல் விட்டிருந்தது.

புதுக்குழாயை வெளிப்பக்கம் போட்டு, சுவர் காய ஐந்து வாரம் ஆயிற்று. பெட்டிகளை வாசிப்பறைக்கு மாற்றினேன். வாசகர்கள் இடமில்லை என்று முணுமுணுத்தார்கள். மாற்றுவதற்குள் மாடிச் சூட்டில் இரண்டு சுவடிக் கட்டுகளின் ஓரங்கள் ஒடிந்திருந்தன. முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும்.

வேலை முடிந்த அன்று அந்தச் சித்தாளை அழைத்து, புது மேசையில் ஒரு சுவடியைப் பிரித்துக் காட்டினேன்.

“இதுல என்னக்கா எழுதிருக்கு?”

“மாட்டு வைத்தியம்.”

“எங்க வீட்டு மாடு நாலு நாளா சரியாத் தீவனம் எடுக்க மாட்டேங்கு. அதுக்கு என்ன சொல்லுது?”

எழுத்துக் கூட்டி வாசித்தேன். கவனமாகக் கேட்டார்.

“பெரண்டையும் உப்புந்தானா? அதெல்லாம் குடுத்துப் பாத்தாச்சுக்கா. வேற ஏட்டுல ஏதும் இருக்கா?”

அடுத்த ஏட்டைத் திருப்பினேன்.