செல்வமலரின் வளவுக்குள் ஒரு வான்

இராஜேந்திரன் வீட்டை விற்று, உள்ளேயே குடியிருக்கக்கூடிய கம்பர்வான் வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு வரும் கடிதங்களெல்லாம் ஹரோவில் என் வீட்டுக்குத்தான் வருகின்றன. ஜேர்மனியில் ஒரே அறையில் நாலு வருடம் ஒன்றாகப் படுத்தெழும்பிய குற்றத்துக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? வங்கிக்கும் கவுன்சிலுக்கும் டொக்டருக்கும் என் விலாசம். ஆள் மட்டும் எங்கே நிற்கிறான் என்று கடவுளுக்கும் தெரியாது.

முப்பது வருடம் வயரிங் வேலை செய்தவன். அறுபத்திரண்டு வயதில் முழங்கால் மக்கர் பண்ண, வேலையை விட்டான். மகள் டிலக்சனா லீட்ஸில், மகன் மாதவன் கார்டிஃபில். நாலு அறை வீட்டுக்குள் தானும் மனைவி சுசிலாவும் ஒருவரையொருவர் தேடித் திரிவதாகச் சொன்னான். அடுத்த மாதமே வீட்டு வாசலில் விற்பனைப் பலகை தொங்கியது. நான் கத்தினேன், கேட்கவில்லை. வானுக்குள் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே சாமிப்படம். மகளிடம் ஒரு மாதம், மகனிடம் ஒரு மாதம், மிச்ச நாள் ரோட்டில்.

சுசிலா முதலில் அழுதாள், பிறகு பழகிவிட்டாள். ஒன்றுக்குமட்டும் பழகவில்லை. தமிழர் வீடென்றால் வாசலில் செருப்பைக் கழற்றாமல் யார் உள்ளே வருவார்கள்? வானுக்குள் மட்டும் எல்லோரும் பஸ்ஸில் ஏறுவதுபோல் சப்பாத்தோடு ஏறினார்கள். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அவர்கள் போனபிறகு குனிந்து துடைப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் நோர்பரியில் இருக்கும் அவன் தங்கை செல்வமலரின் மகள் யசோதினிக்குக் கலியாணம் சரிவந்தது. இவன் ஒரே தாய்மாமன். பெண்ணின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முழுக்காட்டும் பால் அறுகுச் சடங்கில் தேங்காய் உடைக்கவேண்டியது இவன். அந்தப் பெருமையில் ஒரு மாதம் முன்னதாகவே போய், தங்கை வீட்டு முன்வளவுக்குள் வானைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். வீட்டு முகப்பு முழுக்கக் கலர் பல்பு கட்டினான். மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு.

கலியாண அழைப்புக் காட் சாப்பாட்டு மேசையில் அடுக்கடுக்காய்க் கிடந்தது. ஒவ்வொரு பின்னேரமும் செல்வமலரும் கணவர் தவராசாவும் குங்குமத் தட்டோடு வெளிக்கிட்டு ஈஸ்ட் ஹாம், ஹரோ என்று சுற்றினார்கள். என் வீட்டுக்கும் வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, காட் தந்து கலியாணம் சொல்லிவிட்டுப் போனார்கள். இவனுக்கு மட்டும் காட் கிடைக்கவில்லை.

தினமும் வானுக்குப் பின்னால் நின்று எனக்குப் போன் எடுப்பான். தான் என்ன பிழை விட்டான் என்று கேட்பான். தங்கையைக் கேட்காமல் வீட்டை விற்றதா? வான் நின்று அவள் முன்னறையை இருட்டாக்கியதா? கோபமென்றால் மீன் குழம்பில் தலையை ஏன் இவனுக்குப் போடுகிறாள்? கோபமில்லையென்றால் காட்டை ஏன் தரவில்லை? தேங்காய் உடைக்க வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று சுசிலா சந்தேகப்பட்டாள். கேட்டுக் கேட்டு எனக்கும் தலை சுற்றியது. வாய்திறந்து தங்கையிடம் கேளடா என்றால், காட்டைக் கேட்டு வாங்குகிற அளவுக்குத் தான் இறங்கிப்போகவில்லை என்றான். சனிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வானை எடுத்துக்கொண்டு கார்டிஃபுக்குப் போய்விடுவதாகவும், சொல்லாத கலியாணத்தில் கால் வைப்பதில்லை என்றும் முடிவெடுத்தான். அவன் செய்யக்கூடியவன்தான், அதுதான் எனக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை செல்வமலரே எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை எப்ப வீட்டை போறார் எண்டு உங்களுக்கு ஏதும் சொன்னவரோ?"

"எந்த வீட்டை?"

"அதுதானே எனக்கும் விளங்கேல்லை," என்றாள். "ரெண்டு கிழமையாப் பாத்துக்கொண்டிருக்கிறன். என்ர வளவுக்குள்ளை நிக்கிறவருக்கு நான் எப்பிடிப் போய்க் கலியாணம் சொல்லுறது? சாப்பிட வந்த இடத்திலை மேசையிலையிருந்து காட்டை எடுத்துக் குடுக்கிறதோ? எல்லாற்றை வீட்டையும் போய்ச் சொல்லிப்போட்டு, என்ர அண்ணைக்கு அப்பிடிச் செய்வனோ?"

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. மனுசன் சோறு இறங்காமல் திரிகிறான் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். இருவருக்கும் ஒரே மரியாதை, ஒரே வீம்பு. ஒருத்தி அவன் போகட்டும் என்று பார்த்திருக்கிறாள், மற்றவன் அவள் தரட்டும் என்று பார்த்திருக்கிறான்.

இராஜேந்திரனுக்குப் போன் எடுத்து, வானை வெளியே எடுத்து எங்கேயாவது போய் நில் என்றேன். தங்கை சொன்ன விசயத்தையும் சொன்னேன்.

"எங்கை போய் நிக்க?" என்றான்.

"உன்ர வீடு எங்கையெண்டு என்னைக் கேக்கிறியோ?"

நகைச்சுவையாகத்தான் சொன்னேன். அவனுக்கு அது எங்கேயோ போய்க் குத்தியிருக்க வேண்டும், போனை வைத்துவிட்டான். எனக்கு மனம் சங்கடமாகிவிட்டது.

மறுநாள் காலை தங்கை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பூங்காவுக்குப் பக்கத்தில் வானை நிறுத்தியிருந்தான். செல்வமலருக்கு இடத்தைச் சொல்லிவிட்டு நானும் போனேன். தூறல். சுசிலா கூட்டித் துடைத்து, சாமிப்படத்துக்குப் பூ வைத்து, கேத்தலில் தண்ணீர் வைத்திருந்தாள். அவன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, முகம் மழித்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். ரோட்டோரத்தில் வைத்துச் சொன்னால் வீட்டில் சொன்னதாகுமா என்று இரண்டுதரம் கேட்டான். எனக்கென்ன தெரியும்?

அவர்கள் நடந்தே வந்தார்கள். செல்வமலர் பட்டுச்சேலையில், கையில் தட்டோடு. தவராசா குடை பிடித்தபடி. வானின் படியடியில் வந்ததும் அவள் நின்றாள். தட்டைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, செருப்புகளைக் கழற்றி, ஈரமான தார்ரோட்டில் படிக்குக் கீழே சோடியாக வைத்தாள். தவராசாவும் தட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார்.

சுசிலா கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

"வா," என்றான் இராஜேந்திரன். "வீட்டுக்குள்ளை வா."

நான் என் கால்களைப் பார்த்தேன். எழும்பி, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போய், என் சப்பாத்தையும் கழற்றி அவர்களுடையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.