செயலாளருக்குப் பிடித்த தலைப்பு

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். இறுதியாண்டு மாணவிகளின் ப்ராஜெக்ட் மதிப்பீடு. பின்னால் 'பெண்களும் ஊடகமும்' என்று பேனர். மேடையில் மூன்று நாற்காலி. என்னைத் தவிர மற்ற இரண்டு பேரும் ஆண்கள். பெண்களைப் பற்றி வேறு யாருக்குத் தெரியும், சொல்லுங்கள்?

நடுவில் கல்லூரிச் செயலாளர். டவுனில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் — எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் கையெழுத்துப் போட்டால்தான் பாஸ்.

மேலப்பாளையத்துப் பெண் ஃபர்சானா எழுந்தாள். உலகம் முழுக்க விற்கிற ஒரு பெண்கள் பத்திரிகையின் கதைதான் அவள் தலைப்பு. துபாயில் வேலை பார்க்கும் அவள் வாப்பா, அதைத் தையல் டிசைன் புத்தகம் என்று நினைத்து உம்மாவுக்கு வாங்கி வந்தாராம். உம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "இதுல தைக்கதுக்குத் துணி எங்க இருக்கு?" என்றாராம்.

ஹாலே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

பெண் பிரமாதமாகப் பேசினாள். அந்தக் காலத்தில் அது குடும்பப் பத்திரிகையாம். புருஷன் மனம் கோணாமல் நடப்பது எப்படி, கேக் உப்பி வருவது எப்படி... கொஞ்ச நாளில் விற்பனை படுத்துவிட்டது. அப்புறம் ஒரு பெண் ஆசிரியர் வந்தார். வேலைக்குப் போ, சம்பாதி, ஆசைப்படு என்று எழுதினார். பிய்த்துக்கொண்டு போனது! இன்று கண்டம் கண்டமாகப் பதிப்பு. அரபு நாட்டில் அட்டைப்பட அழகிக்கு முழுக்கை. ஐரோப்பாவில் சட்டைக்கே பஞ்சம்.

"சேதி மட்டும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். நீ இருக்கபடியே அழகுதான்னு சொல்லுதாவ. அடுத்த பக்கமே க்ரீம் விக்காவ!"

நான் கைதட்டிவிட்டேன். நடுவர் கைதட்டக் கூடாதாமே?

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "ஏம்மா, குடும்பத்துப் பிள்ள எழுதுத தலைப்பா இது? சமையல் குறிப்பு, கிமையல் குறிப்புன்னு வேற எழுதிட்டு வா. இல்லன்னா அடுத்த வருஷம் பாப்போம்."

அடுத்த வருஷமா! அவளுக்கு மதுரையில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இங்கே பாஸ் இல்லை என்றால் அங்கே சீட் போச்சு.

"சார்... அந்தப் பத்திரிகையும் மொதல்ல சமையல்தான் போட்டுது. கடையச் சாத்துத நெலமைக்கு வந்துட்டு." ஆனாலும் சொல்லிவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். "பிள்ள சொன்னதுல என்ன தப்பு அண்ணாச்சி?"

"தப்புன்னு யாரு சொன்னா? தலைப்பு நல்லா இல்லங்கேன். நாலு பேரு பாத்தா காலேஜப் பத்தி என்ன நெனைப்பான்?"

பெண்கள் பத்திரிகையைப் பெண்கள் படிக்கிறார்கள். படித்தால் கெட்டுப்போவார்களே என்ற கவலை மட்டும் ஆண்களுக்கு! மூன்றாவது நடுவருக்கு அந்தக் கவலையும் இல்லை — ரிட்டயர்டு அதிகாரி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் இறங்கி வரவில்லை. மதிப்பெண் தாளை நீட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில் அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். தலைப்பை 'மகளிர் இதழ்களில் சமையல் குறிப்புகள்' என்று மாற்றினால் கையெழுத்து.

ஃபர்சானா ஒரு நிமிடம் யோசித்தாள். போய் ப்ராஜெக்ட் புத்தகத்துக்குப் புது அட்டை அச்செடுத்து ஒட்டிக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி தலைப்பை வாய்விட்டுப் படித்தார், திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

எனக்குத்தான் ஆறவில்லை. வாசலில் அவளைப் பிடித்து, "வருத்தமா இருக்காம்மா?" என்றேன்.

"எதுக்கு மேடம்? அட்டைய மட்டும்தான மாத்துனேன். உள்ள ஒரு வரிகூட மாத்தல. உள்ள யாரு படிக்கப் போறா?"

இவளுக்குப் பத்திரிகைத் தொழிலை இனி எவரும் சொல்லித்தர வேண்டாம்!