ஜூன் ஒன்றாம் தேதி பிறந்த அண்ணாச்சி

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவதற்கு யாராவது பர்த் சர்ட்டிபிகேட் கேட்பார்களா? எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் கேட்டார்கள்.

டிசம்பர் முதல் ஞாயிறு, காலை பதினொன்று இருபது. இடம், செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் ஏழு மாடிக் கட்டடத்தின் சொசைட்டி ஆபீஸ். ஆபீஸ் என்றால்... மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் மின்சார மீட்டர்கள். நிமிடம் வரை எதற்கு என்று கேட்காதீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் வியாதி தெரியும். பம்பாய்க்கு வந்து இறங்கிய நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். எங்கள் லிஃப்ட் பழுதாகி நின்ற தேதிகள்கூட என்னிடம் உண்டு.

கட்டடத்தில் கிறிஸ்தவ வீடுகள் இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றது ஞானத்தினுடையது. தாராவியில் ஸ்கூல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் பெண். போன மார்ச்சில்தான் நாலாவது மாடிக்குக் குடிவந்தார். வந்த முதல் கிறிஸ்துமஸுக்கே இரண்டு கோரிக்கை. தீபாவளிக்குக் கந்தில் என்ற காகிதக் கூண்டு விளக்கு தொங்கிய அதே கேட் வளைவில் நட்சத்திரம் தொங்க வேண்டும். சர்ச் பாடகர் குழு உள்ளே வந்து பாட வேண்டும்.

நானா? பதினோரு வருடமாக என் நட்சத்திரத்தைப் பால்கனிக்கு உள்ளே, துணி காயும் கம்பியில் கட்டி வருகிறேன். யாருக்கும் தொந்தரவில்லை. யாருக்கும் தெரியவுமில்லை!

“நீயும் அப்படியே கட்டிக்கலாமே ஞானம், எதுக்கு வம்பு?” என்று முந்தின நாளே சொல்லிப் பார்த்தேன்.

“ஏன்ணே, அடுப்படிக்குள்ள கட்டட்டுமா? இன்னும் பத்திரமா இருக்கும்லா?” என்றார்.

மறுநாள் அவருடனேயே மீட்டிங்குக்கு வந்துவிட்டேன்.

செக்ரட்டரி பரமசிவம் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். காட்கோபரில் ஹார்டுவேர் கடை. நல்ல மனுஷர்தான்... ஆனால் காலையில் வாட்ஸ்ஆப்பில் எது வந்தாலும் மாலைக்குள் அதை நாலு பேரிடம் கேட்டுவிட வேண்டும். ஞானத்தின் மனுவை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு போனை எடுத்தார்.

“தங்கச்சி, இதுல என்ன போட்டிருக்கான்னு கேளு. டிசம்பர் இருபத்தஞ்சுன்னு ஒங்க வேதத்துல எங்கயுமே இல்லயாம். தேதியே இல்லன்னா ஆளு எங்கருந்து வந்தாரு? எல்லாம் பின்னால கட்டிவிட்ட கதைங்கான். தீபாவளிக்குப் பஞ்சாங்கம் இருக்கு. ஒங்களுக்கு என்ன சபூத், என்ன ஆதாரம்? காட்டு, இப்பவே கையெழுத்துப் போடுதேன்.”

கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். ஞானம் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

தேதி! என் பேட்டையில் வந்தல்லவா கேட்கிறார்? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். தேவதூதன் மரியாளிடம் சேதி சொன்ன நாளாகிய மார்ச் இருபத்தைந்திலிருந்து ஒன்பது மாதம் எண்ணும் கணக்கு. ரோமாபுரியின் சூரியத் திருவிழா. ஏரோது ராஜா செத்த வருடம். ஆண்டைக் கணக்கிட்ட துறவி செய்த பிழை. “ஆகவே, கிறிஸ்து அநேகமாக கி.மு. நாலிலோ ஐந்திலோ பிறந்திருக்கலாம்” என்று முடித்தேன். ஏழு நிமிடம்.

“என்னது!” அண்ணாச்சி நாற்காலியிலேயே நிமிர்ந்துவிட்டார். “சார்வாள், கிறிஸ்து பொறக்கதுக்கு நாலு வருசம் முந்தியே கிறிஸ்து பொறந்துட்டாரா?”

கமிட்டி இப்போது மேஜையைத் தட்டிச் சிரித்தது.

ஞானம் என் பக்கம் குனிந்து, “அண்ணே, நீங்க யாரு பக்கம்?” என்றார். பிறகு தானே எழுந்து நின்றார்.

“அண்ணாச்சி, ஒங்க ஆதார் கார்டுல பொறந்த தேதி என்ன?”

“ஜூன் ஒண்ணு. எதுக்கு?”

“அன்னைக்குத்தான் ஒங்கம்மை பெத்தாவளா?”

அண்ணாச்சி மீசைக்குள் சிரித்தார். “அது எவனுக்குத் தெரியும்? ஐப்பசி அடைமழை, கொளம் ஒடைஞ்ச மறுநாளுன்னு எங்கம்மை சொல்லுவா. ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியாரு ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டாரு. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான்.”

“அப்ப நீங்க பொறக்கவே இல்லயா? பின்னால கட்டிவிட்ட கதையா?”

இந்த இடத்தில்தான் எனக்கும் உயிர் வந்தது. பையிலிருந்து டைரியை எடுத்தேன். “இந்த வருஷம் ஜூன் ஒன்று, மாலை ஆறு நாற்பது. இதே மேஜை. ஒரு கிலோ பைனாப்பிள் கேக். அண்ணாச்சி வெட்டினார். எல்லோரும் பாடினோம். தேதி தப்பு என்று யாரும் ஆட்சேபிக்கவில்லை. அண்ணாச்சி உட்பட!”

ஆனால் வியாபாரி லேசில் விடுவாரா?

“சரி தங்கச்சி. தேதி தப்பா இருந்தாலும் நான் கண்ணு முன்னால உக்காந்திருக்கேன். ஒங்க ஆளக் காட்டு பாப்பம்.”

நான் டைரியை மூடிப் பைக்குள் வைத்தேன். எல்லோரும் ஞானத்தையே பார்த்தோம். அவர் குரலை உயர்த்தவில்லை.

“போன ஜூலையில அண்ணி ஆஸ்பத்திரில கெடந்தப்ப, வெளி வராந்தாவுலருந்து எனக்கு போன் பண்ணி, ‘ஒங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி’ன்னு அழுதது யாரு அண்ணாச்சி? கேக்க ஆளு இருக்காருன்னு அன்னைக்கு ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சு. அப்ப சபூத் கேக்கலியே?”



அண்ணாச்சி போனைக் கவிழ்த்து வைத்தார். மனுவை இழுத்தார். கையெழுத்துப் போட்டார். போடும்போது முகத்தை மட்டும் கறாராக வைத்துக்கொண்டார். “பத்து மணிக்கு மேல பாட்டு நக்கோ, கூடாது. அவ்வளவுதான்.”

மறுநாள் மாலை கேட் வளைவில் நட்சத்திரம் ஏறியது. ஒயர் அண்ணாச்சியின் கடையிலிருந்து வந்தது. ஏணியைப் பிடித்தவரும் அவரே. “கொஞ்சம் எடப்பக்கம்... கோணலா இருக்கு பாரு!” என்று கீழேயிருந்து ஓயாமல் சத்தம் வேறு. ஜூலையில் ஆஸ்பத்திரியில் கிடந்த அவருடைய மனைவி மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என் நட்சத்திரமும் அன்றைக்கே துணிக்கம்பியிலிருந்து பால்கனிக்கு வெளியே வந்துவிட்டது. பதினோரு வருடத்துத் தூசியைத் துடைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

விசுவாசத்துக்காக வாதாடுவதற்கென்றே நான் ஒரு அலமாரி நிறையப் புத்தகம் சேர்த்திருக்கிறேன். ஞானத்திடம் இருந்தது, ஜூலை மாதத்து ஒரு போன் அழைப்பு. அதுவும் அவர் செய்ததல்ல, அவருக்கு வந்தது.

கீழே இறங்கியபோது அண்ணாச்சி என்னைத் தனியாக ஓரம்கட்டினார். “சார்வாள், கொளம் ஒடைஞ்ச மறுநாளு எந்தத் தேதின்னு கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லுமய்யா. நெஜப் பொறந்தநாளுக்கும் ஒரு கேக் வெட்டிப்புடுவோம்.”

அன்றிரவு டைரியில் எழுதினேன்: “விசுவாசத்தைக் காத்தவர் – ஞானம். உதவி – ஆதார் கார்டு. இடைஞ்சல் – நான்.”